எல்லாப் பழைய காசுக்கும் கிரேடிங் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய நாணயம் ஒன்று ஏலத்தில் லட்சக்கணக்கில் போனதாகச் செய்தி வந்துவிட்டால் போதும், பீரோவிலும் பூஜை அறையிலும் கிடக்கும் வெள்ளி ரூபாய்கள் வெளியே வந்துவிடுகின்றன. கூடவே ஒரு கேள்வியும் வருகிறது: “இதை கிரேடிங்குக்கு அனுப்பலாமா?” கிரேடிங் செய்யும் வெளிநாட்டு நிறுவனத்துக்கு அனுப்பித் தருவதற்குக் கமிஷன் வாங்குபவரிடமே இதைக் கேட்டு முடிவெடுக்கிறார்கள் பலர். வீடுகளில் இருக்கும் பெரும்பாலான நாணயங்களுக்கு கிரேடிங் தேவையே இல்லை. சிலவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பச் சட்டம் இடம் தராது. மிகச் சிலவற்றுக்கு மட்டும் கிரேடிங் இல்லாமல் நல்ல விலை கிடைக்காது. எது எந்த வகை என்று வீட்டிலேயே பெருமளவு கண்டுபிடித்துவிடலாம். அதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

நாணயம் அசல்தானா, எவ்வளவு தேய்ந்திருக்கிறது, யாராவது கழுவியோ சுரண்டியோ கெடுத்திருக்கிறார்களா என்று சுயேச்சையான நிறுவனம் ஒன்று பார்த்து, 1 முதல் 70 வரை மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து மூடி, சான்று எண்ணோடு திருப்பித் தருவதுதான் கிரேடிங். அந்தப் பெட்டியை வியாபாரத்தில் ஸ்லாப் என்பார்கள். எழுபது மதிப்பெண் முறையை வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949-இல் அமெரிக்காவின் பழைய பெரிய செப்புக் காசுகளுக்காக வகுத்தார். 1986-இல் தொடங்கிய பிசிஜிஎஸ், 1987-இல் தொடங்கிய என்ஜிசி ஆகிய இரண்டு அமெரிக்க நிறுவனங்களும் அந்த முறையைத்தான் எல்லா நாட்டு நாணயங்களுக்கும் பின்பற்றுகின்றன. 58 வரையிலான எண்கள் கைமாறித் தேய்ந்தவற்றுக்கு. 60-இலிருந்து 70 வரை தேய்மானமே இல்லாதவற்றுக்கு. விலை தாவுவது இந்த மேல்தட்டில்தான். 58 வாங்கிய நாணயத்துக்கும் 64 வாங்கிய நாணயத்துக்கும் விலை பல மடங்கு வேறுபடலாம். நன்றாகத் தேய்ந்து 20, 25 என்று நிற்கும் நாணயத்துக்கு மதிப்பெண் ஐந்து கூடினாலும் குறைந்தாலும் வாங்குபவர் பெரிதாகக் கவலைப்படமாட்டார். அரசரின் புருவமும் கிரீடத்தின் மணிகளும் மழுங்கிப்போன ரூபாய்க்கு கிரேடிங் செலவு வீண்.

நாணயத்தைக் கையில் எடுத்ததும் முதலில் ஆண்டைப் பாருங்கள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி, குறைந்தது நூறு ஆண்டு ஆகிவிட்ட நாணயம் தொல்பொருள். மத்திய அரசோ, அது அதிகாரம் அளித்த அமைப்போ தவிர வேறு யாரும் அதை ஏற்றுமதி செய்யக் கூடாது. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாத, மூன்று ஆண்டு வரையிலான சிறையும் அபராதமும் உண்டு. வில்லியம் அரசரின் 1835 கம்பெனி ரூபாய், விக்டோரியாவின் 1840, 1862 ரூபாய்கள், எட்வர்ட் ரூபாய், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் 1911 ‘பன்றி ரூபாய்’ எல்லாமே இந்த வரம்புக்குள் வந்துவிட்டவை. மன்னரின் அங்கியில் இருந்த யானை, தும்பிக்கை சிறுத்துப் பன்றிபோல் தெரிந்ததால் எதிர்ப்பு கிளம்பி, மறு ஆண்டே உருவத்தைத் திருத்தி அடிக்கவேண்டி வந்த நாணயம் அது. “கிரேடிங் முடிந்து திரும்பி வந்துவிடுமே, அது எப்படி ஏற்றுமதி ஆகும்?” என்று கேட்பவர்கள் உண்டு. திரும்பி வரப்போகிற பொருள் என்பதற்காகத் தனியாள் ஒருவர் கூரியரில் அனுப்பிவிட முடியாது. சிங்கப்பூரிலோ கனடாவிலோ இருக்கும் பிள்ளைகள் ஊருக்கு வந்துபோகும்போது தாத்தாவின் விக்டோரியா ரூபாயைப் பெட்டியில் போட்டு எடுத்துச் செல்வதும் இதே சட்டத்தில்தான் மாட்டும்.

ஆகவே நூறு ஆண்டு கடந்த நாணயத்தை “நாங்கள் அனுப்பித் தருகிறோம்” என்று ஒருவர் சொன்னால், நாணயம் எந்த நாட்டில், எந்த ஊரில் வைத்துப் பார்க்கப்படும் என்று எழுத்தில் கேளுங்கள். நிபுணர்கள் இந்தியாவுக்கே வந்து பார்க்கிறார்கள் என்றால் அதையும் எழுதித் தரட்டும். பதில் மழுப்பலாக இருந்தால் நாணயத்தை அவர் கையில் கொடுக்காதீர்கள். மண்ணைத் தோண்டும்போது கிடைத்த காசு என்றால் விஷயமே வேறு. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தப் புதையலையும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். அதைச் செய்யாமல் கிரேடிங் பற்றி யோசிக்கவே கூடாது.

நூறு ஆண்டு ஆகாதவற்றில் கிரேடிங்குக்கு உண்மையிலேயே தகுதியான நாணயம் எது என்றால், ஆறாம் ஜார்ஜின் 1939 வெள்ளி ரூபாய். பம்பாய் நாணயச்சாலையில் அடிக்கப்பட்டது. போர் தொடங்கி வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்த நேரம். 1940-இலிருந்து ரூபாயில் வெள்ளி 91.7 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. நிறைந்த வெள்ளியோடு இருந்த 1939 ரூபாய்கள் பெரும்பாலும் உருக்கும் உலைக்குப் போய்விட, மிஞ்சியவை கொஞ்சம். அதனால்தான் 1938 ரூபாய் சாதாரண விலைக்கும் 1939 ரூபாய் பெரிய விலைக்கும் போகின்றன. இரண்டுக்கும் நடுவே வேறுபாடு ஒரே ஓர் இலக்கம் என்பதால் போலிக்காரர்களின் கை முதலில் போவதும் இங்கேதான். சந்தையில் 1939 என்று நீட்டப்படுவதில் கணிசமானவை 1938-இன் கடைசி எட்டைத் திருத்தியவை, அல்லது அசலிலிருந்து அச்சு எடுத்து வார்த்தவை.

கண்டுபிடிக்க முதலில் வேண்டியது பத்து மடங்கு பெரிதாக்கும் லூப். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் செருகிக்கொள்ளும் அந்தக் கண்ணாடிதான். 1939 என்ற ஆண்டில் இரண்டு ஒன்பதுகள் இருக்கின்றன. இது நமக்குக் கிடைத்த பெரிய வசதி. இரண்டாவது இலக்கமான ஒன்பதையும் கடைசி ஒன்பதையும் மாறி மாறிப் பாருங்கள். வளையத்தின் அகலம், வாலின் வளைவு, வால் முடியும் இடம் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். எட்டின் கீழ் வளையத்தில் இடதுபக்கத்தைச் சுரண்டி ஒன்பதாக்கியிருந்தால், அந்த இடத்தில் நாணயத்தின் தரை (எழுத்தும் உருவமும் இல்லாத சமதளம்) மட்டும் லேசாகக் குழிந்தோ, சுற்றியுள்ள வெள்ளியைவிட வேறு மாதிரி மினுங்கியோ தெரியும். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் உளிக்கோடுகள் நிழலாக விழும். வேறொரு நாணயத்திலிருந்து வெட்டிய ஒன்பதை ஒட்டியிருந்தால், எண்ணின் அடியில் தரையோடு சேரும் இடத்தில் மயிரிழைபோல் ஒரு கோடு ஓடும். வார்ப்புப் போலியில் எழுத்துகளின் ஓரம் மழுங்கி, தரையில் குண்டூசி முனை அளவுக் குழிகள் சிதறிக் கிடக்கும்.

அடுத்து விளிம்பு. 1938, 1939 ரூபாய்களின் விளிம்பில் நெருக்கமான செங்குத்து வரிகள் மட்டும் இருக்கும். 1940 முதல் வந்த பாதி வெள்ளி ரூபாய்களில் கள்ளநாணயத்தைத் தடுப்பதற்காக விளிம்பின் நடுவே சுற்றிலும் ஒரு பள்ளம் ஓடும். 1939 என்று போட்ட நாணயத்தில் அந்தப் பள்ளம் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு தெரிகிறதா என்றும் பாருங்கள். இரண்டு நாணயங்களைச் சரிபாதியாகச் சீவி முகத்தையும் முதுகையும் ஒட்டுகிற வேலையும் நடக்கிறது.

பிறகு எடை. நல்ல நிலையில் உள்ள ரூபாய் 11.66 கிராம், அந்தக் காலத்துத் தோலா எடை. தேய்ந்தது 11.3, 11.4 என்று நிற்கலாம். எடை சரியாக இருந்தால் மட்டும் போதாது, அடர்த்தியையும் பார்க்க வேண்டும். நூறில் ஒரு பங்கு கிராம் வரை காட்டும் சின்ன மின்தராசு போதும். தராசின்மேல் பாதி நிரம்பிய தண்ணீர் டம்ளரை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய தையல் நூலால், பார்சல் கட்டுவதுபோல் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, டம்ளரின் அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகளை மெல்ல ஆட்டி விடுவித்த பிறகு தராசு காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நாணயத்தின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் 10.3 ஒட்டி வரவேண்டும். முழு எடையுள்ள ரூபாய் என்றால் தராசு ஏறக்குறைய 1.13 காட்டும். 1.22 காட்டினால் விடை ஏறக்குறைய 9.5, அது 1940-க்குப் பிந்திய பாதி வெள்ளிக் கலவை. 1.30-க்கு மேல் போனால் வெள்ளியே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். குமிழி ஒட்டியிருந்தால் எண் ஏறி, நல்ல நாணயமும் போலிபோல் தெரியும். அதனால் இரண்டு மூன்று தடவை செய்து பாருங்கள். முடிந்ததும் மென்மையான பருத்தித் துணியில் வைத்து ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம்.

நகைக்கடையில் எக்ஸ்ரே மூலம் தரம் பார்க்கும் இயந்திரம் இருந்தால் அதில் காட்டலாம். நாணயத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அது மேற்பரப்பைத்தான் படிக்கும் என்பதால் வெள்ளி முலாம் பூசியதைக்கூட வெள்ளி என்று சொல்லிவிடக்கூடும். உரைகல்லில் உரைத்துப் பார்க்க மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். விளிம்பில் ஒரே ஒரு உரசல் விழுந்தாலும் நாணயம் சேதப்பட்டதாகிவிடும்.

இத்தனை சோதனையிலும் தேறினாலும் 1939 ரூபாயை அசல் என்று நாமே தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. சரியான வெள்ளியில், புதிதாகச் செய்த அச்சில் அடித்த தேர்ந்த போலிகளும் உண்டு. பழைய அச்சுகளைக் கொண்டு நாணயச்சாலையிலேயே பிற்காலத்தில் மறுபடி அடித்தவையும் பிரிட்டிஷ் இந்திய நாணயங்களில் உண்டு. வாங்குபவருக்கும் இது தெரியும் என்பதால் ஸ்லாப் இல்லாத 1939-க்கு அவர் சந்தேகத்துக்காகவே ஒரு பெரிய தொகையைக் கழித்துக்கொண்டுதான் விலை சொல்வார். கிரேடிங் செலவு இங்கேதான் நியாயமாகிறது. தேய்ந்த 1939-ஆக இருந்தாலும்கூட அனுப்பலாம். இதில் மதிப்பெண்ணைவிட அசல் என்ற சான்றுக்குத்தான் விலை.

இதற்கு நேரெதிர் 1918 ரூபாய். முதல் உலகப்போரின்போது இந்தியாவில் வெள்ளி போதாமல், அமெரிக்கா 1918-இல் பிட்மன் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்து, தன் கருவூலத்தில் இருந்த 27 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்களை உருக்கியது. அதில் பெரும்பகுதி இந்திய ரூபாயாக மாறுவதற்காகப் பிரிட்டனுக்கு விற்கப்பட்டது. கல்கத்தாவும் பம்பாயும் கோடிகோடியாக அடித்துத் தள்ளிய ஆண்டுகள் அவை. நம் வீடுகளில் 1917, 1918, 1919 ரூபாய்களே மிகுதியாக இருப்பதற்குக் காரணம் அதுதான். தேய்ந்த 1918-க்கு அடிப்படை விலை அதில் உள்ள 10.69 கிராம் சுத்த வெள்ளி. விற்கும் அன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால் வரும் தொகைக்குமேல் கொஞ்சம் சேர்த்துக் கிடைக்கும், அவ்வளவுதான். 1940 முதல் 1945 வரையிலான ரூபாயில் சுத்த வெள்ளி 5.83 கிராம்.

கழுவும் பழக்கத்தைப் பற்றிச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. குத்துவிளக்கையும் வெள்ளிக் கிண்ணத்தையும் தேய்ப்பதுபோல் நாணயத்தையும் புளி, விபூதி, பற்பசை, பீதாம்பரித் தூள் போட்டுப் பளபளவென்று துலக்கிவிட்டுத்தான் பலர் கடைக்கே கொண்டுவருகிறார்கள். வாங்குபவருக்கு நல்லபடியாகக் காட்ட வேண்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் நாணயத்தின் விலை பாதிக்கும் கீழே போய்விடலாம். நாணயச்சாலையில் அச்சு வந்து இறங்கும் வேகத்தில் உலோகம் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நெளிந்து பாயும். அப்போது ஏற்படும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வரிகளில்தான் ஒளி பட்டுத் திரும்புகிறது. பொடி போட்டுத் தேய்க்கும்போது அந்த வரிகள் அழிந்து, அவற்றின் இடத்தில் துணி போன திசையில் கீறல்கள் விழுகின்றன. கிரேடிங் நிறுவனம் இப்படிப்பட்ட நாணயத்துக்கு மதிப்பெண்ணே தராது. அசல்தான், ஆனால் கழுவப்பட்டது என்று எழுதி, எண் இல்லாமல் பெட்டியில் வைத்து அனுப்பிவிடும். கட்டணம் மட்டும் முழுசாகப் போகும்.

உங்கள் நாணயம் ஏற்கெனவே கழுவப்பட்டதா என்று பார்க்க ஒற்றை பல்பு உள்ள மேசை விளக்கு வேண்டும். டியூப் லைட் உதவாது. அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, மேசைமேல் மடித்த துண்டு ஒன்றை விரித்து, அதற்கு மேலே நாணயத்தை விளிம்பில் மட்டும் பிடித்துக்கொண்டு மெல்லச் சாய்த்துச் சுழற்றுங்கள். புழங்காத நாணயத்தில் நடுவிலிருந்து இரண்டு ஒளிப்பட்டைகள் விரிந்து, சுழற்றச் சுழற்றத் தரை முழுவதும் தடையில்லாமல் சுற்றிவரும். கன்னம், காதுமேல் முடி, கிரீடத்தின் உச்சி ஆகிய மேடான இடங்களில் அந்தப் பட்டை சட்டென்று அறுந்து சாம்பல் நிறமாகத் தெரிந்தால் நாணயம் கொஞ்சம் புழங்கியிருக்கிறது, 60-ஐத் தொடாது. பட்டையே இல்லாமல் எல்லா இடமும் ஒரே மாதிரி வெளுத்துத் தட்டையாக மின்னினால் அமிலத்தில் முக்கி எடுத்தது. ஒரே திசையில் மெல்லிய கீறல்கள் கூட்டமாகத் தெரிந்து, எழுத்துகளின் இடுக்கில் மட்டும் கறுப்பு மிஞ்சியிருந்தால் தேய்த்துக் கழுவியது. கடைசியாகச் சொன்ன இந்த இரண்டில் ஒன்று உறுதியானாலும் சாதாரண ஆண்டு நாணயத்துக்கு கிரேடிங் வேண்டாம் என்று முடிவுசெய்துவிடலாம்.

வெள்ளி கறுப்பது கேடு என்று நினைத்துத்தான் பலர் கழுவுகிறார்கள். சீராகப் படிந்த கறுப்பும், ஓரத்தில் நீலமும் பொன்னிறமுமாகப் படரும் நிறமும் நாணயத்துக்கு அழகு. அதற்காகவே கூடுதல் விலை தருபவர்கள் இருக்கிறார்கள். எடுக்க வேண்டியது, மலிவான பிவிசி உறையில் வைத்ததால் வரும் பச்சைப் பிசுபிசுப்பும் கலசத்தில் இருந்தபோது ஏறிய எண்ணெயும்தான். இவற்றுக்குச் சுத்தமான அசிட்டோன் போதும். நெயில் பாலிஷ் ரிமூவரில் வாசனையும் வேறு பொருள்களும் கலந்திருப்பதால் அது கூடாது. காற்றோட்டமான இடத்தில், அடுப்பு, சுவாமி விளக்கு எதுவும் எரியாத நேரத்தில், கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றிப் பத்து நிமிடம் போட்டு, புது அசிட்டோனில் ஒருமுறை அலசி, தானாக உலர விடுங்கள். துணியோ பிரஷ்ஷோ தொடக் கூடாது. அதிலும் போகாத குங்குமக் கறை இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.

இனி பணக்கணக்கு. ஒரு நாணயத்துக்கு ஆகும் செலவு என்பது நிறுவனத்தின் விலைப்பட்டியலில் இருக்கும் கட்டணம் மட்டும் இல்லை. படிவக் கட்டணம், இருவழி அனுப்புசெலவு, காப்பீடு, இடைத்தரகர் கமிஷன், திரும்பி வரும்போது சுங்கம் என்று பல சேரும். எல்லாம் சேர்த்து 6,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் இப்போதே ஸ்லாப் இல்லாமல் 2,500 ரூபாய்க்குக் கேட்கிறார். நாணயம் 63 வாங்கினால் 9,000, 58 என்றால் 4,000, கழுவியது என்று திரும்பினால் 1,800 ரூபாய்க்குத்தான் போகும். மூன்றுக்கும் சம வாய்ப்பு என்று எடுத்துக்கொண்டால் சராசரி 4,900 சொச்சம். செலவை ஈடுகட்டவே போதாது. 63 நிச்சயம் என்றாலும்கூட மிஞ்சுவது 3,000. அதாவது இப்போது கேட்கும் விலையைவிட 500 ரூபாய் மட்டும் அதிகம். அதற்காகப் பல மாதம் காத்திருக்க வேண்டும். இந்தத் தொகைகள் உதாரணத்துக்குச் சொன்னவை. உங்கள் நாணயத்துக்கு உரிய தொகைகளைப் போட்டு நீங்களே இதே கணக்கைச் செய்ய வேண்டும். விற்பனை விலைக்கு மும்பை, பெங்களூரு, அகமதாபாத் நகரங்களின் நாணய ஏல நிறுவனங்கள் தங்கள் தளங்களில் வெளியிடும் முடிந்துபோன ஏலங்களின் விலைப்பட்டியலைப் பாருங்கள். விற்பவர் கேட்கும் விலை எதற்கும் ஆதாரம் ஆகாது. ஏலத்தில் விழுந்த விலையிலும் விற்பவர் தரவேண்டிய கமிஷன் கழியும்.

“உலகத்திலேயே இதுபோல் பன்னிரண்டுதான் கிரேடு ஆகியிருக்கிறது” என்று சொல்லி ஆசைகாட்டுபவர்களும் உண்டு. கிரேடிங் நிறுவனங்கள் வெளியிடும் அந்த எண்ணிக்கை, அவர்களிடம் வந்த நாணயங்களின் கணக்கு மட்டுமே. இந்தியாவில் இருக்கும் பழைய ரூபாய்களில் மிகப் பெரும்பகுதி அவர்கள் மேசைக்கே போனதில்லை. நூறு ஆண்டு ஆனவை வெளிநாடு போகவும் முடியாது. எண்ணிக்கை குறைவு என்பதால் நாணயம் அரிது என்று ஆகிவிடாது.

கணக்குப் பார்த்து அனுப்புவதென்றே முடிவானால், கொடுப்பதற்கு முன் இரண்டு பக்கத்தையும் விளிம்பையும் தெளிவாகப் படம் எடுத்து, எடையை எழுதி, தனித்துத் தெரியும் ஒரு கீறலையோ புள்ளியையோ குறித்துவையுங்கள். வாங்கிக்கொள்பவர் தரும் ரசீதில் ஆண்டு, நாணயச்சாலைக் குறி (எங்கே அடித்தது என்று காட்டும் சின்ன அடையாளம்), எடை மூன்றும் இருக்க வேண்டும். ‘ஒரு பழைய வெள்ளிக் காசு’ என்று எழுதிய ரசீதை வைத்துக்கொண்டு பிறகு எதையும் நிரூபிக்க முடியாது. படிவத்தில் மதிப்பைக் குறைத்துப் போட்டால் கட்டணம் குறையும் என்று சொல்வார்கள். வழியில் தொலைந்தால் காப்பீடும் அந்தக் குறைந்த மதிப்புக்குத்தான் கிடைக்கும். 1862 என்று போட்ட ரூபாய் 1870-களின் தொடக்கம் வரை அதே ஆண்டைத் தாங்கியே வந்தது. ஆண்டுக்கு மேலும் கீழும் உள்ள புள்ளிகளை வைத்துத்தான் அதன் வகைகள் பிரிகின்றன. 1862 ரூபாய் வெளிநாடு போக முடியாதுதான்; ஆனால் எந்த நாணயமானாலும் இப்படி வகையில்தான் விலை இருக்கிறது என்றால், லேபிளில் வகையையும் குறிக்கும்படி தனியாகக் கேட்க வேண்டும். அதற்குக் கூடுதல் கட்டணம் உண்டு. நூறு ஆண்டு ஆகாத நாணயமாக இருந்தாலும் சுங்கத்தில் கேள்வி வரலாம். தொல்பொருள் அல்ல என்ற சான்றை இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே வாங்கிவிடுவது நல்லது.

ஸ்லாப் போட்ட நாணயத்தை வாங்குபவர்களும் பெட்டியை நம்பிவிடக் கூடாது. போலிப் பெட்டிகளும் வருகின்றன. சான்று எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே வரும் ஆண்டும் மதிப்பெண்ணும் படமும் கையில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். படத்தில் உள்ள கீறலும் கறையும் அதே இடத்தில் இருக்க வேண்டும்.

காசுமாலையில் கோத்தவை, வளையம் பற்றவைத்தவை, துளையிட்டவை, பழைய சராப்புகள் (காசு மாற்றித் தருபவர்கள்) வெள்ளியைச் சோதிக்கக் குத்திய முத்திரை உள்ளவை ஆகியவற்றை கிரேடிங்கில் சேர்க்காதீர்கள். தங்க சவரன் நாணயத்துக்கும் பெரும்பாலும் தங்க விலைதான். ஒரே ஒரு விஷயம்: 1918 சவரன் இருந்தால் குதிரை வீரனுக்குக் கீழே, ஆண்டுக்கு மேலே, தரையில் ஆங்கில ‘ஐ’ எழுத்து சின்னதாக இருக்கிறதா என்று லூப் வைத்துப் பாருங்கள். பம்பாயில் அடித்த சவரன்களில் பொறிக்கப்பட்ட ஒரே ஆண்டு அது. உருக்கக் கொடுத்துவிடாதீர்கள். நம் ஊரில் கிடைக்கும் ராஜராஜன் செப்புக்காசுகளுக்கும் சங்ககாலக் காசுகளுக்கும் மதிப்பெண்ணால் பயன் குறைவு. எங்கே, எப்படிக் கிடைத்தது என்ற விவரம்தான் அவற்றுக்கு உயிர். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் பெரிய நாணயத் தொகுப்பு இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க நினைப்பவர்கள் அங்கே தொடங்கலாம்.

வைஷ்ணோ தேவி ஐந்து ரூபாய்க்கு லட்சம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதற்கும் கிரேடிங்குக்கும் சம்பந்தம் இல்லை. அது 2012-இல் வந்த சாதாரண நாணயம். பழைய நாணயம் வாங்கித் தருவதாகச் சொல்லி, தன் பெயரைப் பயன்படுத்திக் கட்டணமும் வரியும் கேட்பவர்களிடம் ஏமாற வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. விற்பதற்கு முன்பணம் கேட்டால் அது மோசடி.

இறுதியாக, உங்கள் பத்திரிகை மூலம் அரசுக்கு ஒரு வேண்டுகோள். தங்க நகைக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஹால்மார்க்கும் நகைக்கு நகை தனி எண்ணும் வந்துவிட்டன. மும்பையிலும் கொல்கத்தாவிலும் ஹைதராபாதிலும் நொய்டாவிலும் அரசு நாணயச்சாலைகள் இருக்கின்றன. நூறு ஆண்டு கடந்த நாணயத்தை வெளியே அனுப்பக் கூடாது என்ற சட்டம் சரியானதே. ஆனால் அப்படி ஒரு சட்டம் இருக்கும்போது, அந்த நாணயம் அசல்தானா என்று சொல்லிச் சான்று தரும் பொறுப்பை அரசு உள்நாட்டிலேயே ஏற்க வேண்டாமா? நாணயச்சாலைகளும் தொல்லியல் துறையும் சேர்ந்து, ஆண்டுக்கு இரண்டு முறை சென்னையில் முகாம் போட்டு, எடை, அடர்த்தி, உலோகக் கலவை மூன்றையும் பார்த்து, படத்தோடு எண்ணிட்ட சான்று கொடுத்தால் போதும். எழுபதுக்கு எத்தனை என்ற மதிப்பெண்கூட வேண்டியதில்லை. அசலா, போலியா, கழுவியதா என்ற மூன்று கேள்விக்குப் பதில் கிடைத்தால் மீதியைச் சேகரிப்பாளர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
நாணயச் சேகரிப்பாளர் ஒருவர்,
திருச்சி.